ஏழு வீட்டு அரிசி

அந்தமானில் கப்பலேறி வராதவை மூன்றே மூன்று: கடல், மழை, அட்டைப்பூச்சி. மற்றதெல்லாம், மனிதர்கள் உட்பட, மதராசிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ வந்து, சாத்தம் ஜெட்டியில் இறங்கி, அல்போன்சின் பென்சிலால் ஒரு கோடு வாங்கிய பிறகுதான் தீவில் இருப்பதாக அர்த்தம். இது அல்போன்சின் சித்தாந்தம். ஜெட்டியில் அவன் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்கு நாலு நேர்கோடும் குறுக்கே ஒன்றுமாகப் போட்டு எண்ணுவது வேலை. அந்த வேலையிலிருந்து ஒரு தத்துவம் பிறக்கும் என்று மேலதிகாரிகள் எதிர்பார்க்கவில்லை. பிறந்துவிட்டது.

1966 ஜூன் மாதம், தன் முதல் குழந்தை பிறந்த பத்தாம் நாள் மாலையில், அவன் இந்தத் தத்துவத்தை மனைவி லூசிக்கு விளக்கினான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"நல்லா யோசிச்சுப் பாரு லூசி. இந்த மண்ணுல மனுசனுக்கு வேண்டியது எதுவும் உண்டாகாது. எல்லாம் ஜகாஜ் கொண்டாரணும். பாலு மட்டும் தானா ஊறும்னு நீ எப்படி எதிர்பார்க்க?"

கப்பலுக்குத் தீவில் ஜகாஜ் என்றுதான் பேர். மடியில் பாப்பா வீறிட்டுக்கொண்டிருந்தது. பாப்பாவுக்கு இன்னும் பெயர் கிடையாது. அல்போன்சின் அண்ணன் சொந்த ஊர் வேம்பாரிலிருந்து கப்பலில் வந்து ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். அதுவரை ஞானஸ்நானம் இல்லை, அதுவரை பெயரும் இல்லை. சித்தாந்தத்தின்படி அது இன்னும் முழுதாகத் தீவில் வந்து சேரவில்லை.

ஐந்து மணி பெர்ரிப் படகு சாத்தத்திலிருந்து, அவர்கள் வீடு இருந்த எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்கு வந்து ஊதும்போது தொடங்கும் அழுகை, விளக்கு வைத்த பிறகும் ஓயாது. வாய் வைக்கும், நாலு தடவை இழுக்கும், விட்டுவிட்டு அழும், மறுபடி தேடும். ஐந்தாம் நாள் லூசியின் மார் கல்லாகக் கனத்து, ரவிக்கை நனைந்து, அவளே பயந்துபோனாள். இப்போது அது மெத்தென்று தளர்ந்துவிட்டது. அழுத்திப் பார்த்தால் இரண்டு சொட்டு. அவ்வளவுதானா? பத்து நாளில் தீர்ந்துவிட்டதா? கேட்பதற்கு அம்மா பக்கத்தில் இல்லை. வேம்பாருக்குக் கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் பாப்பா நடக்கத் தொடங்கியிருக்கும்.

அல்போன்ஸ் எழுந்து, அலமாரியிலிருந்து இரண்டு பால்பவுடர் டின்களை எடுத்து வந்தான். சித்தாந்தம் செய்முறைக்கு வந்துவிட்டது. டின்னின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று தாடை. ஒரு பாட்டிலுக்கு நாலு கரண்டி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவன் உரக்க வாசித்து, மொழிபெயர்த்து, கலக்கினான். பாப்பா ஒரு பாட்டிலைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு நாலு மணி நேரம் தூங்கியது.

"பாத்தியா?" என்றான் அல்போன்ஸ்.

லூசி பார்த்தாள். அந்த மூன்று தாடைக்காரனை மாதா படத்துக்குப் பக்கத்தில் அவன் வைத்ததையும் பார்த்தாள். அன்றிலிருந்து ஜெபமாலை சொல்லும்போது அவள் கண் எதிரே இருவர் இருந்தார்கள்.

முதலில் மாலைக்கு ஒரு பாட்டில். பிறகு காலைக்கும் ஒன்று. மூன்றாம் வாரத்தில் ஆறு. பாப்பா மாரில் இருக்கும் நேரம் குறையக் குறைய, மாரும் விஷயத்தைப் புரிந்துகொண்டது. விடியற்காலையில் ஒரு தடவை மட்டும் லூசி பழக்கத்துக்காக எடுத்து வைப்பாள். பாப்பா நாலு இழுப்பு இழுத்துவிட்டு, ஏமாற்றப்பட்டவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"ஞானசெல்வி அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டா?" என்று லூசி ஒரு நாள் கேட்டாள். ஞானசெல்வி அதே சரிவில் ஐந்து வீடு தள்ளி இருந்தாள். கடலுக்குப் போகும் ஜேசுதாசனின் மனைவி. கைக்குழந்தைக்காரி.

"என்னன்னு கேப்ப? எனக்குப் பால் இல்லன்னா?"

"ஆமா."

"சர்க்கார் உத்தியோகஸ்தன் வீட்டுல பால் இல்லன்னு நாளைக்கு பெர்ரில நாலு பேரு பேசணும். அதான வேணும் ஒனக்கு? அந்த ஏழு வீட்டான் பொண்டாட்டிகிட்ட போயி நிக்கணும்?"

ஏழு வீட்டான் என்ற பட்டம் அல்போன்ஸ் கொடுத்தது. சென்ற வருஷம் ஞானசெல்விக்குப் பிள்ளை பிறந்து பால் ஊறாமல் போனபோது, ஜேசுதாசன் அவர்கள் ஊர்ப்பக்கத்து வழக்கப்படி ஏழு வீடு ஏறி ஆளுக்கு ஒரு பிடி அரிசி கேட்டான். பிள்ளையின் தகப்பன்தான் கேட்க வேண்டும். பாத்திரம் கூடாது, மடியில்தான் வாங்க வேண்டும். வாயைத் திறந்து, 'என் வீட்டில் பால் இல்லை' என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். அந்த அரிசியில் பூண்டு போட்டுக் கஞ்சி வைத்துத் தாய்க்குக் கொடுப்பார்கள். ஜேசுதாசன் அல்போன்ஸ் வீட்டு வாசலிலும் வந்து நின்றான். அல்போன்ஸ் ஒரு பிடி அரிசியும் அரைமணி நேர உபதேசமும் போட்டு அனுப்பினான். மறுநாள் பெர்ரியில், சட்டை முனையை ஏந்திக்கொண்டு, குரலை இழுத்து, "எம் பொஞ்சாதிக்குப் பாலு இல்ல சாமியோவ்" என்று நடித்துக் காட்டினான். இந்திக்காரர்களுக்கும் வங்காளிகளுக்கும் புரியட்டும் என்று, "தூத் நஹி ஹை, சாவல் தேதோ" என்று இரண்டாவது காட்சியும் நடந்தது. பெர்ரி குலுங்கியது. பட்டம் ஒட்டிக்கொண்டது.

எனவே ஞானசெல்வியிடம் கேட்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. லூசி வாயை மூடிக்கொண்டாள். தண்ணீர்க் குழாயடியில் யாராவது, "பால் நல்லா இருக்கா?" என்று கேட்டால், "இருக்கு, இருக்கு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி வரவேண்டிய கப்பல் வரவில்லை.

"பத்து நாள் லேட்டாம்" என்றான் அல்போன்ஸ், சட்டையை ஆணியில் மாட்டியபடி. சுவரைப் பார்த்துச் சொன்னான்.

கப்பல் தாமதம் என்றால் தீவுக்காரர்கள் அழுவதில்லை, நீட்டுவார்கள். ஒரு வெங்காயம் இரண்டு நாளைக்கு வரும். தேயிலை இரண்டு தடவை கொதிக்கும். விளக்கு அரை மணி பிந்தி எரியும். இத்தனை நாளுக்கு இத்தனை என்று வகுத்து, கப்பல் ஊதும் நாளில் டப்பாவின் அடி தெரிகிற மாதிரி நீட்டுவதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெருமை உண்டு. ஜம்புலிங்கம் தன் கடையில், காலியான அலமாரித் தட்டில் தீப்பெட்டிகளைப் பரத்தி வைத்து நிறைந்த கடை போலக் காட்டினார். பால்பவுடர் கேட்டவர்களிடம், "கத்தம், தீந்துபோச்சு. ஜகாஜ் வரட்டும்" என்றார். லூசி கேட்டபோது மட்டும், அவள் கையில் இருந்த பாப்பாவைப் பார்த்துவிட்டு, கூடுதலாக ஒன்று கேட்டார்.

"பிள்ளைக்கு எத்தனை நாளாச்சும்மா?"

"ஒரு மாசம் அண்ணாச்சி."

"ஒரு மாசமா?" என்றார் அவர். பிறகு எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அந்த வாரத்திலிருந்து பாட்டில் கலக்கும் பொறுப்பை அல்போன்ஸ் எடுத்துக்கொண்டான். எட்டு மணி பெர்ரிக்குப் போகுமுன் பகலுக்கான மூன்று பாட்டில்களையும் கலக்கி, தண்ணீர்ச் சட்டியில் வரிசையாக நிறுத்திவிட்டுப் போவான். "நீ படுத்திரு. நான் பாத்துக்கிடுதேன்" என்றான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத மனிதன். லூசி அதை அன்பு என்று நினைத்தாள். அன்புதான், சந்தேகமில்லை.

மூன்றாம் நாள் மாலை பெர்ரி ஊதியபோது பாப்பா அழவில்லை.

"ஒழுங்குக்கு வந்துட்டு" என்றான் அல்போன்ஸ். அவன் அதைத் தன் வெற்றிகளில் சேர்த்துக்கொண்டான்.

லூசிக்கும் முதலில் நிம்மதியாக இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. மழை மட்டும் தகரத்தின் மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் பாப்பா அழவில்லை. அதற்கு மறுநாள், பக்கத்து வீட்டு நாய் ஜன்னலடியில் குரைத்தபோதுகூட அது கண்ணைத் திறக்கவில்லை. நல்ல தூக்கம், என்று லூசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மழை தொடங்கிப் பன்னிரண்டு நாள். பாம்பூஃப்ளாட்டில் ஈரம் காயாத காலம் அது. வீட்டுக்குள் கட்டிய கயிற்றில் சென்ற வாரம் துவைத்த சேலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தலையணை ஈரம், தீப்பெட்டி ஈரம், ஜெபப்புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஜூலை ஆறாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு, லூசி பாப்பாவின் துணியை மாற்றக் குனிந்தாள். அவிழ்த்து, கையில் வைத்துப் பார்த்தாள். விடியற்காலையில் கட்டிய துணி. அந்த வீட்டில் உலர்ந்திருந்த துணி அது ஒன்றுதான்.

நேற்று எத்தனை மாற்றினோம்? ஒன்று. மாலையில். அதுவும் ஓரத்தில் மட்டும், பழுப்பாக.

அவள் பாட்டிலை எடுத்தாள். எடுத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பியபோது, பாட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. எண்ணிவிடலாம் போல ஐந்தும் தெரிந்தன. பால் நீலம் பாய்ந்து, அரிசி களைந்த தண்ணீரைவிடத் தெளிவாக இருந்தது.

முக்காலியைப் போட்டு ஏறி டின்னை இறக்கினாள். மூடியைத் திறந்தாள். மூடியின் உட்புறம் ஒரு தாள், மடித்து ஒட்டியிருந்தது. அல்போன்சின் கையெழுத்து, ஜெட்டியில் போடுகிற அதே கோடுகள். தேதிவாரியாக, பாட்டிலுக்கு எத்தனை கரண்டி என்று. ஜூன் இருபத்தேழு வரை நாலு கோடு. அதற்குப் பிறகு மூன்று. ஜூலை இரண்டிலிருந்து இரண்டு. நாளையிலிருந்து ஒன்று. கடைசித் தேதி ஜூலை இருபத்துநாலு. அதற்குக் கீழே, அடிக்கோடிட்டு: ஜகாஜ்.

தவறே இல்லாத பட்டியல். கப்பல் ஊதுகிற நாளில் டின்னின் அடி தெரியும்படி, ஒரு தேர்ந்த தீவுக்காரன் நீட்டியிருந்தான்.

"பாப்பா" என்று லூசி கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். உள்ளங்காலில் சுண்டினாள். இமை ஒரு நூல் அளவு திறந்து, மூடிக்கொண்டது. தலையைத் தடவிய அவள் பெருவிரல் உச்சிக்குழியில் இறங்கியது. இவ்வளவு பள்ளம் அங்கே முன்பு இருந்ததில்லை.

அவள் குடையைத் தேடவில்லை. பாப்பாவைச் சேலைத்தலைப்புக்குள் இறுக்கிக்கொண்டு, மேலே ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தாள். சரிவில் செம்மண் ஓடிக்கொண்டிருந்தது. நாலு வீட்டு ஜன்னல்களைக் கடக்க வேண்டியிருந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள்.

ஜேசுதாசன் வீட்டில் இருந்தான். துறைமுகத்தில் காற்று எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. வலையைப் பரப்பிப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தவன், வாசலில் சாக்குக்குள் நின்றவளைப் பார்த்து எழுந்தான். ஞானசெல்வி உள்ளிருந்து வந்து சாக்கை விலக்கி, பாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"ஞானஸ்நானம் ஆச்சா?" என்றாள்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் கடற்கரையில் பிறந்த யாருக்கும் தெரியும்.

"இல்லக்கா. அவுக அண்ணன் கப்பல்ல..."

"ஏங்க" என்று ஞானசெல்வி புருஷனைப் பார்த்தாள். "பெர்ரி ஓடுதா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமா?"

"நிறுத்திட்டான். காத்து அடங்குன பொறவுதான்."

"அப்பம் ஒரு தம்ளர்ல தண்ணி மோந்துட்டு வந்து இங்ஙன நில்லுங்க. நான் சொன்னா ஊத்துங்க. ஜெபம் தெரியும்லா?"

"தெரியும்" என்றான் ஜேசுதாசன். சாமியார் இல்லாத இடத்தில் சாகக் கிடக்கும் குழந்தைக்கு யாரும் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்கலாம். அவன் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, சுவரோரம் போய், நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி நின்றான்.

ஞானசெல்வி பாயில் உட்கார்ந்து பாப்பாவை வாங்கிக்கொண்டாள். அவளுடைய பத்து மாதப் பையன் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் இடத்தில் வேறொருத்தி கிடப்பதை வாயைப் பிளந்து பார்த்தான். வாய் வைத்ததும் பாப்பா ஒன்றும் செய்யவில்லை. உதடு காம்பைத் தொட்டபடி சும்மா இருந்தது. ஞானசெல்வி பீச்சினாள். பால் பாப்பாவின் நாக்கில் விழுந்து, உதட்டோரம் வழிந்து, கழுத்து மடிப்பில் இறங்கியது.

"முழுங்கு" என்றாள். "முழுங்குட்டி, தாயி."

மறுபடி பீச்சினாள். மறுபடியும் வழிந்தது. லூசி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ஜேசுதாசனின் கையில் இருந்த தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜேசுதாசனின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. அவன் ஒத்திகை பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"என்ன பேரு?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

லூசி ஞானசெல்வியின் முகத்தைப் பார்த்தாள்.

"பொறுங்க" என்றாள் ஞானசெல்வி.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. பாப்பாவின் தொண்டையில் ஒரு சிறு அசைவு. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி. தாடை ஒரு தடவை மேலும் கீழும் போனது, மறந்துபோன வேலையை ஞாபகப்படுத்திக்கொள்வது போல. பிறகு அது இழுத்தது. ஞானசெல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆங்" என்றாள்.

ஜேசுதாசன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, கையில் இருந்த தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல், தானே குடித்துவிட்டான்.

"அஞ்சு வீடு" என்றாள் ஞானசெல்வி, பாப்பாவிலிருந்து கண்ணெடுக்காமல். "அஞ்சு வீடு தள்ளி நான் ஒருத்தி இருக்கேன். வாயில என்னட்டி வச்சிருந்த?"

"சாயங்காலமானா அழுதுச்சுக்கா. மாரும் தளந்துபோச்சு. பால் வத்திட்டுன்னு..."

"சாயங்காலம் எந்தப் பிள்ளைட்டி அழல? அப்பம் விடாம மாருல கெடக்கும். அப்படிக் கெடந்தாத்தான் மறுநாளைக்குப் பால் வரும். மாரு மெத்துன்னு ஆனா வத்திட்டுன்னு எவ சொன்னா?"

"சொல்ல யாரும் இல்லக்கா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவுக..."

"ஆங், தொரை சொல்லியிருப்பாரு." அவள் பாப்பாவை மறுபக்கம் மாற்றினாள். "போன வருசம் எனக்கு எப்படிப் பால் வந்துச்சுன்னு நெனைக்க? அந்த அரிசில என்னட்டி இருக்கு, ஒரு மண்ணும் கெடயாது. இவரு போயி மூணாவது வீட்டுல நின்னாரு. அரிசி போட வந்த நீலாவதி கைப்பிள்ளைக்காரி. 'ஐயோ, பிள்ளைய இங்க தூக்கிட்டு வாங்க'ன்னா. ஒரு மாசம் அவ பாலுதான் குடிச்சான் இந்தப் பய, நடுநடுவுல என் மாருலயும் கெடந்து கெடந்து எனக்கும் ஊறிட்டு. அவ மட்டும் கார் நிக்கோபாருக்கு மாத்தலாகிப் போகலைன்னா இப்பம் ரெண்டு பேரா இருந்திருப்போம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். "இப்பம் நான் ஒருத்திதான். அதைப் பாத்துக்க."

காற்று நாலு மணிக்கு அடங்கியது. அன்று மீண்டும் ஓடிய ஒரே பெர்ரியில், ஐந்தரை மணிக்கு அல்போன்ஸ் வந்தான். திறந்து கிடந்த வீடும், காலித் தொட்டிலும், மேசையில் மூடி திறந்த டின்னும், அதன் பக்கத்தில் விரித்து வைத்திருந்த தாளும் அவனை இங்கே அனுப்பியிருந்தன. செருப்பில்லாமல், இடுப்புவரை சேறாக, வாசலில் நின்றான்.

"வாங்க சார்" என்றான் ஜேசுதாசன், வலையிலிருந்து தலை நிமிராமல். "ஜகாஜ் வந்துட்டா?"

அல்போன்ஸ் பாயில் கிடந்த பாப்பாவைப் பார்த்தான். பிறகு லூசியைப் பார்த்தான்.

"நாலு கரண்டி போட்டா ஏழாந் தேதிக்குத் தீந்துரும்" என்றான். "அதுக்குப் பொறவு என்ன செய்யதுன்னுதான்... ஒண்ணுமே இல்லாம போறதுக்கு..."

"பத்து நாள் லேட்டுன்னீங்க" என்றாள் லூசி.

"நீ பயப்படுவன்னு."

ஞானசெல்வியின் பையன் தவழ்ந்து வந்து, அல்போன்சின் காலிலிருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாயில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் முதல் பெர்ரியில் அக்கரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். டாக்டரம்மா எடை பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், உச்சிக்குழியைத் தொட்டாள். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால்" என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமல் கையைக் கழுவப் போனாள். திரும்பி வந்து, தண்ணீர்ப்பாலை நிறுத்தச் சொன்னாள். பால் கொடுக்கும் அந்த அம்மாள் முடிந்த வரை கொடுக்கட்டும். அதற்கு முன்னும் பின்னும் தாயிடம் போட வேண்டும். வருகிறதோ இல்லையோ, போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அன்று மதியமே கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது. கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. ஜேசுதாசன் ஞானத்தகப்பனாக நின்றான். பாப்பாவுக்கு அமலோற்பவம் என்று பெயர் வைத்தார்கள். அன்றைய எடைக்கு அது தாங்க முடியாத பெயர்.

புதன் போனது, வியாழன் போனது. ஞானசெல்வியின் பையன் இரண்டு நாளாகச் சிடுசிடுத்தான். பத்து மாதப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தாலும் அவனுக்கு வேண்டியது அதுவல்ல. வெள்ளிக்கிழமை ஞானசெல்வி லூசியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் சொல்லலைன்னு வேண்டாம். ரெண்டு பேருக்கு எனக்குக் காணாது. ஒரு வாரம் தாங்கும். அதுக்குள்ள ஒனக்கு வந்துரணும்."

"வரலைன்னா?"

ஞானசெல்வி மடியிலிருந்த பூண்டில் அடுத்த பல்லை எடுத்து உரித்தாள்.

லூசி ஒரு மணிக்கு ஒரு தடவை பாப்பாவை எடுத்து வைத்தாள். சில சமயம் அது இழுத்தது, சில சமயம் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பெரும்பாலும் தூங்கியது. காம்பு வெடித்துப் புண்ணாகியது. சனிக்கிழமை பத்து இழுப்புக்கு ஒரு மிடறு கேட்டது. அல்போன்ஸ் வேலைக்குப் போனான், வந்தான். பெர்ரியில் அவன் இப்போது பேசுவதில்லையாம். பின்பக்கம் போய் நின்று தண்ணீரைப் பார்க்கிறானாம். ஜம்புலிங்கம் சொன்னார். வீட்டில் அவன் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாவின் மூச்சைக் கேட்பான். நடுவில் ஒரு மூச்சு பிந்தினால் அவன் முதுகு நிமிரும்.

"ஏங்க, ஏதாவது சாப்பிடுங்க" என்று லூசி சொன்னால், "நீ சாப்பிடு" என்பான்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. முதல் பூசைக்குப் போய்வந்த லூசி, ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைக்கு மூன்றாவது தடவையாகப் பாப்பாவை மாரில் போட்டாள். மிடறுக்காகக் காது கொடுத்தாள். ஆறு இழுப்பு, ஒரு மிடறு. மறுபடி ஏழு இழுப்பு. ஒன்று. இது போதுமா, இது வளருமா, யாரால் சொல்ல முடியும்? ஞானசெல்வி கொடுத்த கெடுவில் இன்னும் ஐந்து நாள் இருந்தது.

தலை நிமிர்ந்தபோது அல்போன்ஸ் சரிவின் மேற்பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் கால்சட்டை போடுகிறவன் அன்று சாரம் கட்டியிருந்தான். கால்சட்டைக்கு மடி கிடையாது.

உச்சியில் இருந்த மில் மேஸ்திரி வீட்டின் முன் போய் நின்றான். கதவைத் தட்டவில்லை. யாராவது வெளியே வரட்டும் என்று காத்திருப்பவன் போல நின்றான். மேஸ்திரியின் மனைவி வந்தாள். அல்போன்ஸ் அவள் காலடியைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை போலும். காதில் கை வைத்துக் குனிந்தாள். அவன் மறுபடி சொன்னான். அவள் உள்ளே போய் வந்தாள். அவன் சாரத்தின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் ஏந்தினான்.

அடுத்த வீடு. அதற்கடுத்தது. மூன்றாவது வீட்டில் ஒரு தெலுங்குக்காரப் பெண் அரிசியைப் போட்டுவிட்டு, லூசியின் வீட்டுப் பக்கம் கை நீட்டி எதையோ கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் மேலும் கேட்டாள். அவன் மேலும் மேலும் ஆட்டினான். அவள் வாசலில் நின்றபடியே வீட்டுக்குள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

நாலாவது, பெர்ரி டிக்கெட் கிழிக்கும் சொக்கலிங்கத்தின் வீடு. அவன் பல் குச்சியோடு வெளியே வந்தான். அல்போன்ஸ் சொல்லி முடித்ததும் குச்சியை வாயிலிருந்து எடுத்தான். உள்ளே திரும்பி ஏதோ கத்தினான். முதலில் அவனுடைய சிரிப்பு கேட்டது. பிறகு உள்ளேயிருந்து இன்னும் இரண்டு மூன்று பேருடையது. லூசி இருந்த ஜன்னல் வரைக்கும் கேட்டது.

அல்போன்ஸ் நகரவில்லை. சிரிப்பு ஓயும்வரை தலை குனிந்தபடி அங்கேயே நின்றான். பிறகு மடியை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தான்.